ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மணி நேரம்

என் கழுத்தில் ஊசி குத்திச் சதை எடுத்த மறுநாள் காலை, என் வீட்டுக்காரர் சமையலறைத் தராசில் ஸ்பூனை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ஸ்பூன் என்றால்கூடப் பரவாயில்லை. எவர்சில்வர் ஸ்பூன், பிளாஸ்டிக் ஸ்பூன், மகள் எப்போதோ வாங்கிய ஐஸ்கிரீமோடு வந்த மரக்குச்சி. மூன்றையும் மாற்றி மாற்றி வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்ணைப் பார்த்து "ம்ம்" என்று தலையாட்டினார். நான் கழுத்தில் பிளாஸ்திரியோடு டீ போட வந்து நிற்கிறேன். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒரு வாரம் நடக்கப் போறோம்ல. ஸ்பூன்தானேன்னு அலட்சியமா விட்டா அப்படியே ஒண்ணொண்ணா சேந்து முதுகை ஒடிச்சிடும்."

"யாரு நடக்கப் போறா?"

"நாமதான். அணைக்குப் பின்னாடி இருக்குற மலையில. அடுத்த சனிக்கிழமை."

டீத்தூள் டப்பாவை நான் வைத்த சத்தத்தில் தராசு எண்ணே மாறிவிட்டது.

நான் ரெடிமேட் துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவள். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. அளவு நாடா எந்நேரமும் கழுத்திலேயே கிடக்கும். ஒருநாள் கடைக் கண்ணாடியில் பார்க்கிறேன், நாடா ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நாடாவை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அந்தப் பக்கம் தூக்கித்தான் இருந்தது. தைராய்டில் கட்டி என்றார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி குத்தினார்கள். "ரிசல்ட் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். நல்லதா கெட்டதான்னு அதுக்கப்புறம்தான் சொல்ல முடியும். அதுவரைக்கும் கவலைப்படாம இருங்க" என்றார் டாக்டர். கவலைப்படாமல் இருப்பதற்கும் ஒரு மாத்திரை எழுதித் தந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆக, என் தலைக்கு மேல் அப்படி ஒன்று தொங்குகிறது. இந்த மனுஷனுக்கு ஸ்பூன் கவலை.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லிஃப்ட் மெக்கானிக். மீசை சரியாக முளைக்காத வயதில் கிரீஸ் டப்பா தூக்கப் போனவர், அப்படியே அந்த லிஃப்ட் குழிக்குள்ளேயே வாழ்க்கையை ஓட்டிவிட்டார். கம்பெனியில் இவருக்குப் பெயர் பம்பரம். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. உட்கார மாட்டார். சாப்பிடும்போது பாதி நின்றுகொண்டு, டிவி பார்க்கும்போது கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, போன் வந்தால் வீட்டை மூன்று சுற்று சுற்றிக்கொண்டுதான் பேசுவார். எங்கள் கல்யாணத்தன்று மண்டபத்து லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே என் பெரியப்பாவும் இன்னும் நாலு பேரும். மாப்பிள்ளையைக் காணோம் என்று எல்லோரும் தேட, இவர் கல்யாணச் சட்டையோடு மொட்டைமாடி மெஷின் ரூமில் நின்று சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் அவர் வலது கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். மணிக்கட்டில் அவ்வளவு கிரீஸ்.

எங்காவது ஒரு லிஃப்ட் நின்றுகொண்டே இருக்கும், ஆகவே நாங்கள் எங்கும் போனதில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு டென்ட் வாங்கி வந்தார். "இந்த லீவுக்குக் கண்டிப்பா மலைக்குப் போறோம்" என்றார். அவள் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள். டென்ட் பரணில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அந்த டென்டைத்தான் அன்று கீழே இறக்கி வைத்திருந்தார்.

"எனக்கு என்னன்னே தெரியாத நேரத்துல ஊர் சுத்தக் கிளம்பறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றேன்.

"வீட்ல உக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருந்தா ரிசல்ட் சீக்கிரம் வந்துடுமா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடம் விரித்துவிட்டார். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். ஹாலில் டென்ட் அடித்தார். அது உள்ளே நுழைந்த பிறகு டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் ஆள் நடக்க இடமில்லை, குனிந்து டென்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். காலையில் வேலைக்குப் போகுமுன் நாலு மாடியும் முதுகில் தண்ணீர் பாட்டில்களோடு ஏறி இறங்குவார். லிஃப்ட் மெக்கானிக் படியில் ஏறுவதைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரி பயந்துபோய், "அக்கா, நம்ம லிஃப்ட்ல ஏதாவது கோளாறா? உங்க வீட்டுக்காரரே ஏற மாட்டேங்கறாரே?" என்று கேட்டாள்.

வேலையிலிருந்து வந்ததும் பேச்சு. ஷூவைக் கழற்றாமலே ஆரம்பித்துவிடுவார். முதல் நாள் எங்கே தங்குவது, எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும், மழை வந்தால் எந்தக் குடிசையில் ஒதுங்கலாம், அட்டைப்பூச்சிக்கு உப்பு எடுத்துக்கொள்வதா எண்ணெய் எடுத்துக்கொள்வதா. அவர் பேசினால் பேச்சு நிற்காது. நான் துணி மடித்தால் பக்கத்தில் நின்று பேசுவார். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று பேசுவார்.

"ஏங்க, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்களேன்."

"சரி சரி. ஒண்ணே ஒண்ணு. மூணாவது நாள் காலையில இடது பக்கம் போனா ஒரு அருவி இருக்காம். குளிப்பியா?"

"உங்கள அதுல தள்ளிவிடுவேன்."

"அதுக்காவது வருவேல்ல?"

சிரித்துத் தொலைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

ஒரு மாலை வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு இடம் பண்ணலாம் என்று பார்த்தேன். பென்சிலால் பெரிதாக ஒரு வட்டம் போட்டிருந்தார். வட்டத்துக்குள்தான் மலைப்பாதை முழுக்க வருகிறது. ராத்திரி தங்கும் இடம் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு தார்ச்சாலையை ஒட்டியே இருந்தது.

"இது என்ன வட்டம்?"

"ரெண்டு மணி நேரம். கார்ல அதுக்கு மேல போகக்கூடாதுன்னு வெச்சிருக்கேன். சுருட்டைகிட்ட சொல்லிட்டா நம்ம கார எடுத்துட்டு எந்த எடத்துக்கும் வந்துடுவான்."

சுருட்டை அவருடைய கூட்டாளி. ஒரு காலத்தில் சுருட்டை முடி, இப்போது தலையில் எதுவுமே இல்லை, பெயர் மட்டும் மிச்சம்.

வட்டத்தின் நடுவில் பென்சில் குத்திய இடத்தைப் பார்த்தேன். எங்கள் வீடு நகரத்தின் தெற்குக் கோடியில் இருக்கிறது. புள்ளி வடக்கே இருந்தது, ஆஸ்பத்திரியின் மேல். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. வரைபடத்தை மடிக்காமல் விட்டுவிட்டுத் தட்டை மடியிலேயே வைத்துச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு நான் மாறத்தான் செய்தேன். மறுநாள் கடையில் மதியம் கூட்டமில்லாத நேரத்தில் மகளுடைய பழைய முதுகுப்பையை எடுத்து வைத்துத் தோள்பட்டியைப் பிரித்தேன். அது அவள் தோளுக்கானது, எனக்கு அகலம். பஞ்சு மாற்றி, நீளம் குறைத்து, இடுப்புக்கு ஒரு பெல்ட் வைத்துத் தைத்தேன். மடக்கித் தைத்த கனத்தில் இரண்டு ஊசி உடைந்தது. கடை மேனேஜரிடம் போய் நின்று ஒரு வாரம் லீவு கேட்டேன். "உடம்புக்கு ஏதாவதா?" என்றார். "மலை ஏறப் போறேன் சார்" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே குஷியாக இருந்தது. நிமிர்ந்து பார்க்கிறேன், மணி நாலரை. மதியத்திலிருந்து ஒருமுறைகூட என் கை கழுத்துக்குப் போகவில்லை.

மகளிடம் கட்டியைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள், ரிசல்ட் வரட்டும் என்று முடிவு செய்திருந்தோம். மலைக்குப் போவதை மட்டும் போனில் சொன்னேன். "அம்மா, அப்பாவா? லீவு போட்டுட்டா? போன ஆஃப் பண்ணிட்டா? போட்டோ எடுத்து அனுப்பும்மா, நான் நம்பமாட்டேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்கவே நான் நாலு நாள் அதே பேச்சைப் பேசினேன்.

வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அந்த மலை வேண்டும் என்று ஆகிவிட்டது. பார்த்தே இராத ஓடையில் கால் வைப்பதை நினைத்துக்கொண்டு பேன்ட் மடிப்பேன். சனிக்கிழமை எப்போது வரும் என்று இருப்புக்கொள்ளவில்லை. ரிசல்ட் எப்போது வரும் என்று காத்திருந்த அதே நெஞ்சுதான், ஆனால் இது வேறு படபடப்பு.

வியாழக்கிழமை மதியம், பைக்கு ஒரு மழை உறை தைத்து முடித்தேன். கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஆபீஸ் கட்டடம். அன்று அவருக்கு அங்கேதான் வேலை என்று தெரியும். கையோடு காட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். கீழே போனால் ஒரே கூட்டம். லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே ஒரு பெண் தனியாக இருக்கிறாளாம். நான் படியேறினேன். மலைக்குப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டே ஏறினேன், அவ்வளவு முட்டாள்தனம்.

நாலாம் மாடியில் அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, லேசாக விலக்கிய கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே அழுகைச் சத்தம்.

"அழாதீங்கக்கா. கதவத் தள்ளாதீங்க. அப்படியே தரையில உக்காருங்க. உக்காந்துட்டீங்களா? சரி, இப்ப சொல்லுங்க, இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

உள்ளேயிருந்து என்னவோ குரல்.

"ஓ, பையனுக்குப் பொறந்த நாளா? அப்படிப் போடுங்க! கேக் வாங்கியாச்சா? சாக்லேட்டா, வெண்ணிலாவா? எந்தக் கடை? அங்க வேணாம், நான் ஒரு கடை சொல்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் சந்துல போனீங்கன்னா..."

குரல் கேட்பதற்கு அவ்வளவு நிதானம், அவ்வளவு உற்சாகம். ஆனால் அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் வந்து, படியில் நின்ற சுருட்டைக்குச் சைகை காட்டியது. நகரவில்லை, ஆள் கூப்பிடு, சீக்கிரம். அந்தக் கைக்கு அவ்வளவு அவசரம். வாய் மட்டும் கேக் கடைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது.

சுருட்டை போன் பேசிவிட்டுத் திரும்பும்போது என்னைப் பார்த்தார். "அட, அண்ணி! பயப்படாதீங்க, இன்னொரு டீம் வருது. இவன் கதவுகிட்ட நின்னா போதும் அண்ணி, உள்ள இருக்கறவங்களுக்கு நேரம் போறதே தெரியாது. வெளிய வந்து என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். பயந்தவங்கள அப்படித்தான் உக்கார வைக்கணும்பான்."

"நாங்க சனிக்கிழமை கிளம்பிட்டா நீங்க ஒருத்தரே கஷ்டப்படணுமேன்னு நெனச்சேன்" என்றேன்.

"எங்க கிளம்பறீங்க?"

"மலைக்குதான். ஒரு வாரம் லீவு போட்டிருக்காரே."

"லீவா? அடுத்த வாரம் பூரா அவனுக்கு டியூட்டி ஆச்சே. முந்தாநேத்துதான் ரெண்டு பேரும் உக்காந்து ஷிஃப்ட் போட்டோம்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் முகத்தைப் பார்த்துச் சுருட்டையின் முகம் செத்துப்போனது. "இல்ல அண்ணி... நான் எதையாவது மாத்திச் சொல்றேனோ என்னவோ..." என்று மழுப்பிக்கொண்டே மெஷின் ரூமுக்கு ஓடிவிட்டார்.

நான் மழை உறையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றேன். எனக்குப் புரிந்துவிட்டது. ஓடையும் குடிசையும் அருவியும் அவர் எனக்குச் சொன்னது இதே குரலில்தான். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பேசியதும் இதே பேச்சுதான். வாரம் முழுக்க நான் உள்ளே மாட்டிக்கொண்ட பெண், அவர் கதவிடுக்கில் வாயை வைத்துக் கேக் கடைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்னொரு டீம் வந்து, மேலேயும் கீழேயும் கத்தி, கடைசியில் பெட்டி மெல்ல மேலேறிக் கதவு திறந்தது. அந்தப் பெண் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார். என் முகமே சொல்லியிருக்க வேண்டும். படியிறங்கி என்னிடம் வந்தார்.

"லீவு போடலையா?"

"இல்ல... அது..."

"என்னங்க, என் காதுல பூ சுத்தறீங்களா? நான் மேனேஜர்கிட்ட போய் நின்னு லீவு கேட்டிருக்கேன். பை தச்சிருக்கேன். பொண்ணுகிட்ட வாய் கிழியப் பேசியிருக்கேன். கடைசி நிமிஷத்துல என்ன சொல்றதா இருந்தீங்க? எங்கயோ லிஃப்ட் நின்னுடுச்சின்னா?"

"உன்ன சும்மா விட்டா நீ மூலையில உக்காந்து எதையாவது நெனச்சுக்கிட்டே இருப்ப. அதான் பேச ஆரம்பிச்சேன். நீ வேணாம்னு சொல்லிடுவேன்னுதான் நெனச்சேன். நெசமாவே ஆசைப்படுவேன்னு நெனக்கல."

"சரி, ஆசைப்பட்டேன்ல? அப்பவாவது லீவு போட்டிருக்கலாம்ல?"

கொஞ்ச நேரம் அவர் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "ரெண்டு தடவைக்கு லீவு இல்லம்மா."

"என்ன ரெண்டு தடவை?"

"இந்த வருஷத்துக்கு மிச்சம் இருக்கறது ஒரு வாரம்தான். ஆப்பரேஷன்னு ஆச்சுன்னா நான் கூட இருக்கணும்ல."

டாக்டர் சொன்னபோது வராத பயம், ஊசி குத்தியபோது வராத பயம், அந்தப் படியில் நிற்கும்போது வந்தது. எனக்கு நல்ல ரிசல்ட் வரும் என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். அவரே கெட்டதுக்கு லீவை எடுத்து வைத்திருக்கிறார்.

"அப்ப முடிவே பண்ணிட்டீங்க" என்றேன்.

"ஏய், அப்படி இல்ல..."

"பேசாதீங்க. இனிமே எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க."

மழை உறையை அவர் தோளில் வீசிவிட்டு வந்துவிட்டேன்.

சாயந்தரம் அவர் பேசவில்லை. நான் சொன்னதை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டார். டென்டைப் பிரித்து மடித்தார், வரைபடத்தைச் சுருட்டினார், கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. பேசு என்று சொல்லவும் ரோஷம் விடவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டவர்கள் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது, இரண்டு பேரும் போனோம். டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "இதுல தெளிவாத் தெரியலம்மா. நல்லதுன்னும் சொல்ல முடியல, கெட்டதுன்னும் சொல்ல முடியல. இந்த மாதிரி கேஸ்ல ஆப்பரேஷன் பண்ணி அந்தப் பக்கத்தை எடுத்துப் பாத்துடறதுதான் நல்லது. அடுத்த மாசம் முதல் வாரம் வெச்சுக்கலாம்."

இத்தனை நாள் காத்திருந்து, கடைசியில் தெரியவில்லை என்று தெரிந்துகொண்டோம். இவர் டாக்டரிடம் ஏதாவது கேட்பார் என்று பார்த்தேன். அவருடைய பார்வை மேஜை விளிம்பிலேயே நின்றுவிட்டது. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் கதவுக்கு வெளியே நின்று பேசுகிறவருக்கு அங்கே ஒரு வார்த்தை வரவில்லை.

நான்தான் கேட்டேன். "டாக்டர், அதுவரைக்கும் மலை ஏறலாமா?"

"மலையா?"

"ஒரு வாரம். நடந்து."

"தாராளமா ஏறுங்க. கழுத்தாலயா நடக்கப் போறீங்க?"

வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். அவர் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே காரைத் திறக்காமல் நின்றார். "லீவ அடுத்த மாசத்துக்கே வெச்சுக்கறேன். மலை எங்கயும் ஓடிப்போகாது" என்றார்.

"நீங்க இப்ப போன் பண்ணி லீவு போடறீங்க. நாளையிலிருந்து."

"ஆப்பரேஷனுக்கு யாரு இருப்பா?"

"பொண்ணு இருப்பா."

"அவகிட்ட சொல்லவே இல்லியேம்மா."

"இப்ப சொல்றேன்."

வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள் என்பதெல்லாம் சாக்கு. அவளிடம் சொன்னால்தான் அது நிஜமாகும் என்று அத்தனை நாளும் தள்ளிப்போட்டவள் நான். ஒரு தூணில் சாய்ந்துகொண்டு மகளைக் கூப்பிட்டேன். சொன்னேன். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று அழுதாள். திட்டினாள். மறுபடி அழுதாள். "நான் வரேன். ஆப்பரேஷனுக்கு முதல் நாளே வந்துடறேன். நீ போய்ட்டு வா. அப்பா ஏதாவது சாக்குச் சொன்னா எங்கிட்ட குடு" என்றாள். கொடுத்தேன். அவள் என்ன சொன்னாளோ, இவர் "சரி... சரிடா... சரி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு சுருட்டைக்குப் போன் போட்டார். ஷிஃப்டை மாற்றிக்கொள்ள முடியுமா என்று இவர் கேட்டு முடிப்பதற்குள் அவர் எடுத்துக்கொண்டாராம்.

சனிக்கிழமை காலை சுருட்டைதான் எங்களை மலையடிவாரத்தில் இறக்கிவிட்டார். மரக்குச்சி ஸ்பூன்தான் பையில் இருந்தது. நான் தைத்த பெல்ட் இடுப்பில் சரியாக உட்கார்ந்தது. "அண்ணி, இவன் வழியில எங்கயாவது கதவப் பாத்தா ரிப்பேர் பண்ணப் போயிடுவான், விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடப்பது ஒன்றும் வரைபடத்தில் விரலால் நகர்த்துவது மாதிரி இல்லை. முதல் நாளே கால் கொப்புளம். ஓடையில் தண்ணீர் இல்லை. குடிசைக்குக் கூரை இல்லை. இவருக்கோ சிக்னல் இல்லாத போனைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தது. மேடு வந்தால் முன்னால் ஓடிப்போய் நிற்பார், திரும்பி என்னிடம் வருவார், மறுபடி ஓடுவார். நான் ஒரு மலை ஏறினால் அவர் இரண்டு ஏறினார். பேச்சு மட்டும் குறைந்துபோயிருந்தது.

உங்களைக் காக்க வைக்க மனமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு எடுத்துப் பார்த்ததில் அது கெட்ட கட்டிதான். முழுசாக எடுத்துவிட்டார்கள், பரவவில்லை என்றார்கள். தினமும் காலையில் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட், ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு வாரம் தூக்கமில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை.

மூன்றாம் நாள் காலை செங்குத்தான ஒரு ஏற்றம். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம். எப்போதும் முன்னால் ஓடுகிறவர். இறங்கி வந்தேன். பாதை ஓரத்துப் பாறையில், பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, கால் சுளுக்கிக்கிச்சா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"பின்ன என்ன? நெஞ்சு வலிக்குதா? என்னன்னு சொல்லித் தொலைங்களேன்!"

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். "எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? அந்த வீட்ல நான் என்ன பண்ணுவேன்?"

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சின்னப் பிள்ளை அழுவதுபோல வாய்விட்டு அழுதார். கீழேயிருந்து ஏறி வந்த இரண்டு பேர் எங்களைப் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் எங்கே போய்விட்டேன், உயிரோடு எதிரில் நிற்கும்போதே எதற்கு இந்த அழுகை என்று திட்ட வாயெடுத்தேன். திட்டவில்லை. ஊசி குத்திய நாளிலிருந்து எனக்குத் தைரியம் சொல்லத்தான் ஆள் இருந்தது. என்னோடு சேர்ந்து பயப்பட ஒருத்தரும் இல்லை.

பையைக் கழற்றி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்கும்தாங்க பயமா இருக்கு" என்றேன். அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒரு ஆறுதல்கூடச் சொல்லவில்லை. வெயில் ஏறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு நேரம் அந்த மனுஷன் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.